வெள்ளிமுலாம் பூசிய பழைய ஸ்பூன், ஃபோர்க் முத்திரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பங்களாச் சாமான் ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ வாங்கிய ஸ்பூன், ஃபோர்க், கத்திகளில் வரிசையாகச் சில சின்னங்கள் பொறித்திருக்கும். அவை என்ன சொல்கின்றன, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். பெரும்பாலும் இங்கிலாந்துச் சாமான்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஷெஃபீல்டும் பர்மிங்காமும்தான் இந்தத் தொழிலின் தாய்வீடு. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு சின்னத்தைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். வரிசை முழுவதையும் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முத்திரை எங்கே இருக்கும்? தெளிவாகப் பார்ப்பது எப்படி?

ஸ்பூன், ஃபோர்க் என்றால் கவிழ்த்துப் போட்டுக் காம்பின் பின்பக்கம் பாருங்கள். கத்தி என்றால் அலகில், பிடியை ஒட்டி இருக்கும். சிலவற்றில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள பூணிலும் இருக்கும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். பாலிஷ் போட வேண்டாம்; பள்ளத்தில் படிந்த கறுப்புதான் எழுத்தை எடுத்துக் காட்டும். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். மொபைல் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் கொஞ்சம் முகப் பவுடரைத் தடவி, மேற்பரப்பை மட்டும் விரலால் வழித்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு முத்திரை வரிசையை எப்படிப் படிப்பது? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

சாப்பாட்டு மேசை ஃபோர்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காம்பின் பின்னால் இடமிருந்து வலமாக இவை இருக்கின்றன: காற்றில் பறக்கும் கூர்முனைக் கொடி, அதற்குள் டபிள்யூ, ஹெச் என்ற எழுத்துகள், அடுத்து இ.பி.என்.எஸ்.; அடுத்து ஏ1; கடைசியில் ஷெஃபீல்ட், இங்கிலாந்து என்ற ஊர்ப் பெயர், நாட்டின் பெயர்.

கொடி, ஷெஃபீல்டின் வாக்கர் அண்ட் ஹால் நிறுவனத்தின் அடையாளம். இ.பி.என்.எஸ். என்பது வெள்ளிமுலாம் என்கிறது. இதோடு 'அசல் வெள்ளியா' என்ற கேள்வி முடிந்தது. ஏ1 என்பது முலாம் கனமானது என்று செய்தவரே சொல்லிக்கொள்வது. நாட்டின் பெயர் இருப்பதால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது என்று யூகிக்கலாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அப்புறம் முத்திரையை விட்டு உருப்படியைப் பாருங்கள். ஃபோர்க்கின் பல் நுனியிலும், ஸ்பூன் குழியின் அடியில் மேசையில் உட்காரும் இடத்திலும்தான் முலாம் முதலில் தேயும். அங்கே லேசான மஞ்சள் சாயல் தெரிந்தால் அடிஉலோகம் வெளியே வந்துவிட்டது. பழைய சூப் ஸ்பூன்களில் குழியின் நுனி ஒரு பக்கமாக, அனேகமாக இடப்பக்கம், தேய்ந்து சாய்ந்திருக்கும். வலக்கையால் பிடித்து வருஷக்கணக்காகத் தட்டில் உரசியதன் தடம் அது. பழையதுபோல இப்போது செய்து விற்பவர்கள் இதையெல்லாம் சிரமப்பட்டுச் செய்வதில்லை.

இ.பி.என்.எஸ்., இ.பி., இ.பி.பி.எம்., ஏ1 இவற்றுக்கெல்லாம் என்ன பொருள்?

இ.பி. என்றால் எலக்ட்ரோ பிளேட்டட், மின்முலாம். என்.எஸ். என்றால் நிக்கல் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், பெயரில் மட்டும்தான் வெள்ளி. நம் ஊரில் பூஜைச் சாமானாகவும் கல்யாணப் பரிசாகவும் விற்கும் ஜெர்மன் சில்வருக்கும் மூலம் இந்தக் கலவைதான். பி.எம். என்றால் பிரிட்டானியா மெட்டல்: பெரும்பகுதி ஈயம், அதாவது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம், அதோடு ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். இது மெத்தென்ற உலோகம், சூட்டில் சுலபமாக உருகிவிடும். டீ பாட், சர்க்கரைக் கிண்ணம் போன்றவற்றில்தான் அதிகம் பார்க்கலாம்.

ஏ1, பி போன்ற தர எழுத்துகளுக்குச் சட்டப்படி எந்த அளவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஏ1-ஐ இன்னொரு கம்பெனியின் ஏ1-உடன் ஒப்பிடுவதில் பயனில்லை.

சிங்கம், கிரீடம் எல்லாம் இருக்கிறதே, அப்படியானால் அசல் வெள்ளிதானே?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அசல் வெள்ளிக்குச் சோதனை அலுவலகம் ஹால்மார்க் முத்திரை போடும். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். ஊருக்கு ஒரு சின்னம்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். ஆண்டுக்கு ஓர் எழுத்து. 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை. இவற்றோடு செய்தவரின் முதலெழுத்துகள். ஆக நாலைந்து சிறு முத்திரைகள், தனித்தனிச் சட்டத்துக்குள், வரிசையாக.

முலாம் போட்டவர்கள் இந்தத் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இ, பி, என், எஸ் என்ற நாலு எழுத்தையும் நாலு குட்டிக் கேடயங்களுக்குள், அதுவும் பழைய கோதிக் எழுத்துருவில் பொறித்துவிடுவார்கள். வெறும் கண்ணுக்கு அது ஹால்மார்க் வரிசையாகவே தெரியும். லென்ஸ் வைத்து ஒவ்வொரு கேடயத்துக்குள்ளும் என்ன எழுத்து என்று நிதானமாகப் படியுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிரீடத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் முலாம் கம்பெனிகள் பல தங்கள் முத்திரையில் கிரீடம் போட்டுக்கொண்டன. ஷெஃபீல்ட் சோதனை அலுவலகத்தின் சின்னமே 1773 முதல் கிரீடம்தான் என்பதால் எதிர்ப்பு வந்தது. 1890களின் பிற்பகுதியில் முலாம் சாமான்களிலிருந்து கிரீடம் மறைந்துவிட்டது. ஆகவே முலாம் எழுத்துகளோடு கிரீடமும் இருந்தால் அது வெள்ளிக்குச் சான்று இல்லை. ஆனால் உருப்படி அந்தக் காலத்துக்கு முந்தியது என்பதற்கு நல்ல துப்பு.

சிங்கம் இருந்தாலே இங்கிலாந்து என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கோரம் கம்பெனி தன் அசல் வெள்ளியில் சிங்கம், நங்கூரம், ஜி என்ற எழுத்து மூன்றையும் போட்டது. அதே அமெரிக்காவில் ரோஜர்ஸ் என்ற பெயருக்கு இருபுறமும் நங்கூரம் போட்ட முலாம் ஸ்பூன்கள் உண்டு. பர்மிங்காமுக்கும் அந்த நங்கூரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

நகைக்கடையில் உரசிப் பார்த்து வெள்ளி என்று சொன்னார்கள். பிறகு எப்படி முலாம் ஆகும்?

உரைகல்லில் லேசாக உரசினால் மேலே இருக்கும் முலாம்தான் கல்லில் ஒட்டும். அது உண்மையிலேயே வெள்ளிதான், அதனால் பதிலும் வெள்ளி என்றே வரும். காந்தமும் உதவாது, நிக்கல் சில்வரும் காந்தத்தில் ஒட்டாது, அசல் வெள்ளியும் ஒட்டாது. ஆழமாகக் கீறிப் பார்க்க யாரையும் விடாதீர்கள். முத்திரையையும் தேய்மானத்தையும் சேர்த்துப் படித்தாலே போதும்.

எல்கிங்டன் என்ற பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

மின்முலாம் என்ற தொழிலே அவர்களிடமிருந்து தொடங்கியதுதான். ஜான் ரைட் என்ற பர்மிங்காம் மருத்துவர், பொட்டாசியம் சயனைடு கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் வெள்ளி சீராகப் படிகிறது என்று கண்டார். ஜார்ஜ் எல்கிங்டனும் ஹென்றி எல்கிங்டனும் அந்த முறையை வாங்கி 1840-இல் காப்புரிமை பெற்றார்கள். மற்றவர்கள் இதே முறையில் முலாம் போட வேண்டுமானால் இவர்களிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பிரான்ஸ் உரிமையை 1842-இல் வாங்கியவர்தான் சார்ல் கிறிஸ்டோஃபிள். அவர் பெயரிலான பாரிஸ் நிறுவனம் இன்றும் இருக்கிறது.

எல்கிங்டன் முத்திரையில் இ, 'அண்ட்' குறி, சி.ஓ. என்ற எழுத்துகள் கேடயத்துக்குள் இருக்கும். பழையவற்றில் மேலே கிரீடமும் உண்டு. நடுவில் எம் சேர்ந்திருந்தால் விசேஷம். பேனா நிப் தயாரித்துப் பெரும் பணக்காரரான ஜோசையா மேசன் 1842 முதல் 1861 வரை அவர்களுடைய கூட்டாளி. எம் அவரைக் குறிக்கிறது. உருப்படி அந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்று உடனே சொல்லிவிடலாம். இதோடு ஆண்டைக் குறிக்கும் தனி எழுத்தையும் அவர்கள் பொறித்தார்கள். எழுத்தும் அதன் சட்ட வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும், எனவே எழுத்தை மட்டும் குறித்துக்கொண்டு பட்டியலைத் தேடாதீர்கள். சட்டத்தையும் சேர்த்து வரைந்துகொள்ளுங்கள்.

படச் சின்னம் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படம் இருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். இரண்டெழுத்துச் சுருக்கம் பத்துப் பேருக்குப் பொருந்தும்; படம் அப்படியில்லை.

கொடி, வாக்கர் அண்ட் ஹால். எக்காளம், ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ். ஷெஃபீல்டின் கார்னிஷ் பிளேஸ் ஆலையில் இயங்கிய பெரிய நிறுவனம் இது. கிளப் மேசைகளுக்கான கனமான சாமான்களில் இவர்கள் வேலை தனியாகத் தெரியும், எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்கள்தான். குறுக்கே வைத்த அம்புகள், வில்லியம் ஹட்டன் அண்ட் சன்ஸ். சூரியன், மேப்பின் பிரதர்ஸ். 'பிரின்சஸ் பிளேட்' என்று எழுதியிருந்தால் மேப்பின் அண்ட் வெப். அது அவர்களுடைய உயர்தர முலாமின் வணிகப் பெயர். பறவை என்றால் உடனே முடிவுகட்டாதீர்கள்: பர்மிங்காமின் ஹியூகின் அண்ட் ஹீத் கழுகைப் போட்டார்கள், அமெரிக்க ரோஜர்ஸ் சாமான்கள் சிலவற்றிலும் கழுகு உண்டு. ஜெர்மனியின் டபிள்யூ.எம்.எஃப். நிறுவனத்தின் பழைய முத்திரையில் நெருப்புக்கோழி இருக்கும். தராசும் இரண்டு சி எழுத்துகளும் கிறிஸ்டோஃபிள்.

கத்தி அலகில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அந்தக் குறி 1682-இல் பதிவானது. கத்திகள் பற்றி ஓர் எச்சரிக்கை: ஷெஃபீல்டில் அலகு செய்பவர் ஒருவர், முலாம் போடுபவர் ஒருவர், மூட்டி விற்பவர் இன்னொருவர் என்று இருப்பது சாதாரணம். அலகில் இருக்கும் பெயரை வைத்து முழு செட்டுக்கும் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

வெறும் முதலெழுத்துகள் மட்டும் இருந்தால்?

எழுத்துகளைப் போலவே சட்டமும் முக்கியம்: கேடயமா, வட்டமா, ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிச் சட்டமா? கடைசி எழுத்து எஸ் என்றால் பெரும்பாலும் சன்ஸ், பி என்றால் பிரதர்ஸ். பிரான்ஸ் சாமானில் சட்டமே பதில் சொல்லிவிடும். அந்த நாட்டு விதிப்படி அசல் வெள்ளி செய்பவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்க வேண்டும், முலாம் செய்பவருடையது சதுரத்துக்குள். எழுத்து தேய்ந்து போயிருந்தாலும் இந்த ஒரு வித்தியாசம் தெரிந்துவிடும். இங்கிலாந்திலும் இப்படி ஒரு விதி இருந்திருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

90 என்று இருக்கிறது. 90 சதவீதம் வெள்ளியா?

இல்லை. ஜெர்மானிய முலாம் சாமானில் 90 என்பது 24 சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 90 கிராம் வெள்ளி பூசியிருக்கிறது என்பதைக் குறிக்கும். நடைமுறையில் ஒரு டஜன் ஸ்பூனும் ஒரு டஜன் ஃபோர்க்கும். ஆக, உருப்படிக்குச் சுமார் 3.75 கிராம். பக்கத்தில் 45 என்றும் இருந்தால் அந்த வகை உருப்படி ஒரு டஜனுக்குச் செலவான வெள்ளி.

800 என்று இருந்தால் கதை வேறு. அது ஆயிரத்துக்கு 800 பங்கு அசல் வெள்ளி. ஜெர்மனியில் 1888 முதல் அதோடு பிறைச்சந்திரனும் கிரீடமும் சேர்ந்து வரும்.

84-இல்தான் இன்னும் கவனம் வேண்டும். பிரெஞ்சு முலாமில் 84 என்பது கிராம் கணக்கு. பழைய ரஷ்யச் சாமானில் 84 என்பது 96-க்கு 84 பங்கு, அதாவது 875 தர அசல் வெள்ளி. எண் ஒன்றுதான், ஒன்று முலாம், மற்றது வெள்ளி. பக்கத்தில் உள்ள மற்ற முத்திரைகளைப் படிக்காமல் விற்றுவிடாதீர்கள்.

'1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்று இருக்கிறதே, 1847-இல் செய்ததா?

இல்லை, அது பிராண்டின் பெயர். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ரோஜர்ஸ் சகோதரர்கள் முலாம் தொழில் தொடங்கிய ஆண்டு 1847. பெயர் 1862-இல் மெரிடன் பிரிட்டானியா கம்பெனிக்குப் போனது. 1898-இல் அதுவும் வேறு பல கம்பெனிகளும் சேர்ந்து இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி ஆயின. 20-ஆம் நூற்றாண்டிலும் அதே 1847-ஐப் பொறித்துத்தான் விற்றார்கள். ஐ.எஸ். என்ற எழுத்துகள் கூட இருந்தால் 1898-க்குப் பிந்தியது. அமெரிக்கச் சாமானுக்கு ஆண்டு கண்டுபிடிக்க முத்திரையைவிடக் காம்பின் டிசைன்தான் உதவும். ஒவ்வொரு டிசைனும் வந்த ஆண்டு பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது.

இங்கிலாந்துச் சாமான்களுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது எப்படி?

காம்பின் வடிவத்தை நம்ப முடியாது. ஃபிடில், கிங்ஸ், ஓல்ட் இங்கிலீஷ் என்ற காம்பு வடிவங்கள் எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தவை. பல துப்புகளைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சாய்சதுரக் கட்டத்தின் மேல் ஒரு சிறு வட்டம் இருந்தால் அது டிசைன் பதிவுக் குறி, 1842 முதல் 1883 வரை வழக்கில் இருந்தது. வட்டத்துக்குள் ஒன்றைக் குறிக்கும் ரோமன் எண் (I) இருந்தால் உலோகப் பொருள். மூலைகளில் நாள், மாதம், ஆண்டு இவற்றுக்கான குறிகள். ஆண்டெழுத்து 1867 வரை மேல் மூலையிலும் 1868 முதல் வலது மூலையிலும் இருக்கும். 1884 முதல் இதற்குப் பதிலாகப் பதிவெண் வந்தது, ஆர்.டி. என்ற எழுத்துகளோடு. 1890 தொடக்கத்தில் அந்த எண் சுமார் 1,41,000-ஐ எட்டியிருந்தது, 1900 தொடக்கத்தில் சுமார் 3,51,000-ஐ. இவை டிசைனைப் பதிவு செய்த காலம் மட்டுமே. அதே டிசைனில் பின்னாலும் செய்திருப்பார்கள். அதற்கு முன்னால் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்து என்ற நாட்டுப் பெயர், 1891-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டத்தின் விளைவு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றார்கள். பெயர் இல்லாததால் பழையது என்று சொல்ல முடியாது.

கத்தி அலகில் ஸ்டெயின்லெஸ் என்று இருந்தால், ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்ட 1913-க்குப் பிந்திய அலகு. அலகு மட்டும்தான், பழைய பிடிக்குப் புது அலகு மாட்டுவது அந்தக் காலத்தில் சகஜம்.

மெட்ராஸ் கடைப் பெயர், அம்புக்குறி இதெல்லாம் எதற்கு?

செய்தவர் வேறு, விற்றவர் வேறு, வைத்திருந்தவர் வேறு. மூவரின் முத்திரையும் ஒரே காம்பில் இருக்கலாம். மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கு மட்டுமல்ல, அசல் வெள்ளி வேலைக்கும் பேர்போனவர்கள். சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் மெட்ராஸ் வெள்ளிச் சாமான்களில் அவர்கள் பெயரைக் காணலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் இங்கிலாந்தைப் போன்ற சோதனை அலுவலக முறை இல்லாததால், அவற்றில் சிங்கத்தையோ ஆண்டெழுத்தையோ தேட வேண்டாம். ஆர்மி அண்ட் நேவி என்ற பெயரின் சுருக்கம் இருந்தால் அது கடை. லண்டனைத் தவிர பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்தார்கள். மேல் நோக்கிய மூன்று கோட்டு அம்பு பிரிட்டிஷ் அரசாங்க, ராணுவச் சொத்து. கப்பல், ரயில், ஓட்டல் பெயர்களும் இப்படித்தான், உடைமைக் குறிகள். என்னைக் கேட்டால் செய்தவர் பெயரைவிட இவைதான் சுவாரசியம்: இந்தக் கரண்டி யார் மேசையில் கிடந்தது என்று தெரிகிறதே!

நெவாடா சில்வர், பிரேசில் சில்வர் என்றால்?

வெள்ளி துளியும் இல்லாத நிக்கல் கலவைகள், பெரும்பாலும் முலாமும் இல்லை. பர்மிங்காமின் டேனியல் அண்ட் ஆர்ட்டர் நெவாடா சில்வரில் ஹால்மார்க் போலவே தெரியும் குறிகளைப் பொறித்து விற்றார்கள்.

ஷெஃபீல்ட் என்று இருந்தால் 'ஓல்ட் ஷெஃபீல்ட் பிளேட்' தானே?

இல்லை. அது 1740களில் தாமஸ் போல்சோவர் கண்ட முறை: செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டி, சேர்த்து உருட்டிச் செய்வது. தட்டு, மெழுகுவர்த்தித் தாங்கி போன்றவற்றுக்குத்தான் அது ஏற்றது. மின்முலாம் வந்ததும் வழக்கொழிந்துவிட்டது. ஸ்பூனில் இருக்கும் ஷெஃபீல்ட், ஊர்ப் பெயர் மட்டுமே.

தேய்ந்ததற்கு மறுபடி முலாம் போடலாமா?

தினமும் சாப்பிடப் பயன்படுத்துவதாக இருந்தால் போடலாம். ஆனால் முலாம் போடுவதற்கு முன் பட்டறையில் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். முத்திரை பாதி போய்விடும். கொடுப்பதற்கு முன் எல்லா முத்திரைகளையும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கத்தை மென்மையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அரிய முத்திரை என்றால் அப்படியே விட்டுவிடுவதே மேல். வீட்டில் சுத்தம் செய்யவும் மெல்லிய துணி போதும். முக்கி எடுக்கும் திரவங்களில் ஊறப்போட வேண்டாம்.

விற்றால் என்ன கிடைக்கும்?

உருக்கி எடுக்கும் அளவுக்கு அதில் வெள்ளி இல்லை, எனவே எடைக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். முழு செட், நல்ல பெயர், தேயாத முலாம், சுவையான உடைமைக் குறி, இவற்றுக்குத்தான் விலை. தனி ஸ்பூன்களுக்குச் சொற்பமே.

கத்திப் பிடி தந்தம் மாதிரி இருக்கிறது. விற்கலாமா?

பிடியின் அடிமுனையை லென்ஸில் பாருங்கள். ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம். ஒரே சீராக, இணையாக ஓடும் கோடுகள் மட்டும் இருந்தால் தந்தம்போலச் செய்த செல்லுலாய்டு. தந்தமாக இருந்தால், எவ்வளவு பழையதானாலும் இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விற்கவோ வாங்கவோ கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. அந்த செட்டில் ஸ்பூன், ஃபோர்க்கை மட்டும் தனியாகப் பிரித்து விற்கலாம்.